கரண்ட் வந்ததும் கை எங்கே போகிறது?

ரங்கூனில் இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால், முதலில் யாராவது ஒரு பையன் பால்கனியில் நின்று “மீ லாப்பி!” என்று கத்துவான். ‘விளக்கு வந்தாச்சு’ என்று பொருள். அடுத்த நிமிடம் தெரு முழுக்கத் தண்ணீர் மோட்டார்கள் உறும ஆரம்பிக்கும். எனக்குக் கண் திறப்பதற்கு முன்பே கால் தரையில் இருக்கும். மோட்டார் சுவிட்ச், அப்புறம் இன்வெர்ட்டர், அப்புறம் போன் சார்ஜர். மூன்றையும் போட்டுவிட்டு வந்து படுத்த பிறகுதான் ‘நிஜமாகவே எழுந்தேனா, கனவா’ என்று சந்தேகம் வரும்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் விடிந்ததும் கீழ்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். “தம்பி, ராத்திரி உங்க தொட்டி வழிஞ்சு எங்க கொடித் துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு” என்றார். முந்தைய தடவை கரண்ட் வந்தபோதே தொட்டியை நிரப்பிவிட்டிருந்தேன். நிரம்பிய தொட்டிக்குத்தான் மறுபடியும் மோட்டார் போட்டிருக்கிறேன். தண்ணீர் வேண்டுமா என்று யோசிக்கவே இல்லை. சத்தம் கேட்டது, கை போனது.

பழக்கம் என்றால் இதுதான். ஆனால் இந்தச் சொல்லை நாம் இந்தப் பொருளில் பேசுவதே இல்லை. வேலைக்குத் தாமதமாக வருகிறவனைப் பார்த்து “சோம்பல் பழகிப்போச்சு” என்கிறோம். திரும்பத் திரும்பத் தவறு செய்தால் “தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்று கைகழுவுகிறோம். “மன உறுதி இருந்தால் போதும், 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழகிவிடும்” என்று அறிவுரை சொல்கிறோம். இந்த மூன்று பேச்சிலும் கோளாறு இருக்கிறது. நான் பருப்பு ஏற்றுமதி ஆபீஸில் பேப்பர் வேலை பார்க்கிறவன். என் வேலையில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்ததால், இதைப் பற்றிப் படிக்க வேண்டியதாயிற்று. படித்ததையும் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பழக்கம் வேறு, குணம் வேறு

ஒரே இடத்தில், ஒரே மாதிரிச் சூழ்நிலையில் திரும்பத் திரும்பச் செய்ததால், யோசனையைக் கேட்காமல் தானே கிளம்பும் செயலுக்குப் பழக்கம் என்று பெயர். இதில் ‘ஒரே இடத்தில்’ என்பதுதான் முக்கியம்.

குணம் நாம் போகிற இடமெல்லாம் கூடவே வரும். பழக்கம் அப்படி வராது, அது இடத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். எங்கள் ஆபீஸில் ஒருவர் எந்த நாளும் ஒன்பதரைக்கு முன்னால் வந்ததில்லை. முதலாளி அவரைச் சோம்பேறி என்பார். அதே ஆள் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அனவ்ரத்தா சாலைக் காளியம்மன் கோயிலில் முதல் ஆளாக நிற்பார். சோம்பல் அவருடைய குணமாக இருந்தால் வெள்ளிக்கிழமை மட்டும் அது எங்கே போகும்? ஆபீஸ் நாட்களின் காலை அவருக்கு ஒருவிதமாகப் பழகியிருக்கிறது, கோயில் காலை இன்னொரு விதமாகப் பழகியிருக்கிறது. அவ்வளவுதான்.

அடிமைத்தனமும் வேறு. புகையிலை போட்ட வெற்றிலையை நாளுக்கு இருபது மடி போடுகிறவரிடம் பழக்கமும் இருக்கிறது, பாக்கும் புகையிலையும் உடம்பில் செய்கிற வேலையும் இருக்கிறது. பின்னதற்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும், இந்தக் கட்டுரை உதவாது.

ஒருநாளில் நாம் செய்கிறவற்றில் எவ்வளவு பழக்கம்? அமெரிக்க உளவியலாளர் வெண்டி வுட் 2002ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் மணிக்கு ஒருமுறை ‘இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய்’ என்று எழுதச் சொன்னார். ஏறக்குறைய 43 சதவீதம், அநேகமாகத் தினமும் அதே இடத்தில் செய்கிற செயல்களாக இருந்தன. பல சமயம் கை ஒன்றைச் செய்ய, மனம் வேறெங்கோ இருந்திருக்கிறது. முதலாளி உங்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி, நீங்கள் அங்கே இல்லாதபோது உங்கள் கை பார்த்த வேலைக்குப் போகிறது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

டீக்கடைப் பையனின் முதல் நாளும் முந்நூறாவது நாளும்

இங்கே டீக்கடையில் டீ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘சோ செய்ன்’ என்றால் இனிப்பும் பாலும் தூக்கலாக இருக்க வேண்டும். ‘போ ச்சா’ என்றால் இனிப்பைக் குறைத்துச் சாயத்தைக் கூட்ட வேண்டும். நடுவில் இன்னும் நாலைந்து வகை. கிராமத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பையனைக் கவனித்திருக்கிறீர்களா? உதடு அசையும், ஆர்டரைச் சொல்லிக்கொண்டே நடப்பான். இங்கே டீக்கடைப் பையனை உதட்டைக் குவித்து முத்தமிடுவது போலச் சத்தமிட்டுக் கூப்பிடுவார்கள், யாராவது குறுக்கே அப்படிக் கூப்பிட்டால் எல்லாம் மறந்துபோகும். அதே பையன் அடுத்த வருடம் கையில் ஆறு கிளாசோடு, பக்கத்து மேஜையில் ஓடும் கால்பந்து விவாதத்துக்குப் பதிலும் சொல்லிக்கொண்டு வருவான்.

அவன் மூளையில் என்ன மாறியது? நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி யோசித்துச் செய்கிற வேலைகளுக்கானது. கெட்டிக்காரப் பகுதிதான், ஆனால் மெதுவானது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஒழுங்காகப் பார்க்கும். ஒரு வேலை பலமுறை திரும்ப நடந்தால், அதன் பொறுப்பு மெல்ல மெல்ல மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்கிலியா என்ற நரம்புத் திரள்களுக்கு நகர்கிறது. அசைவுகளைத் தொடங்குவதிலும் கோர்ப்பதிலும் பெரிய பங்கு உள்ள பகுதி அது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் என்ற விஞ்ஞானி இதை எலிகளிடம் பார்த்தார். ‘டி’ வடிவப் பாதை, ஒரு முனையில் சாக்லேட். ‘கிளிக்’ சத்தத்தோடு கதவு திறக்கும். ஆரம்ப நாட்களில் எலி ஓடுகிற நேரம் முழுக்க அந்தப் பகுதி நரம்பணுக்கள் துடித்தன. நன்றாகப் பழகிய பிறகு, ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் துடித்தன, நடுவில் அமைதி.

வெற்றிலைக்கடையில் மடித்துத் தருகிற பொட்டலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு தடவுவது, பாக்குப் போடுவது, மடிப்பது எல்லாம் முதலில் தனித்தனி வேலை. கைக்கு வந்த பிறகு ஒரே பொட்டலம். பையன் ‘சோ செய்ன் ஒன்று’ என்று கேட்டதும் பொட்டலம் பிரிகிறது, கிளாஸை மேஜையில் வைத்ததும் முடிகிறது. நடுவில் அவன் மனம் கால்பந்துக்குப் போய்வர நேரம் கிடைக்கிறது. ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று நம்மவர்கள் சொன்னதும் இதைத்தான். கையும் நாவும் அங்கே வந்திருக்கின்றன, மன உறுதி வரவில்லை பாருங்கள்.

இன்னொரு விஷயத்தையும் அந்த எலிகள் காட்டின. சாக்லேட்டை நிறுத்தியதும் அந்தத் தொடக்க-முடிவுத் துடிப்பு மங்கியது. மறுபடி சாக்லேட் வைத்ததும், புதிதாகக் கற்க நேரம் எடுக்காமல் சட்டென்று திரும்பி வந்தது. பழைய பழக்கம் அழிவதில்லை, தூங்குகிறது. மூன்று வருடம் முன்பு விட்ட பழக்கம் பழைய நண்பரோடு பழைய கடையில் உட்கார்ந்ததும் எட்டிப் பார்ப்பது அதனால்தான்.

இதுவரை: பழக்கம் என்பது இடத்தோடு ஒட்டிய, யோசனை தேவைப்படாத செயல். திரும்பத் திரும்பச் செய்தால் மூளை அதைப் பொட்டலமாகக் கட்டிவிடுகிறது. கட்டிய பொட்டலம் எளிதில் காணாமல் போகாது.

பொட்டலத்தைப் பிரிப்பது எது?

மூன்று சொல் தெரிந்தால் போதும். பழக்கத்தைக் கிளப்பிவிடும் சத்தம், இடம், நேரம், ஆள், மனநிலை இவற்றுக்குத் ‘தூண்டல்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதன்பின் கை செய்வது ‘செயல்’. செய்தபின் கிடைப்பது ‘பலன்’. “மீ லாப்பி” தூண்டல், சுவிட்ச் செயல், நிரம்பிய தொட்டி பலன்.

பலன் எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் குழப்பம். டோபமைன் என்ற மூளை ரசாயனத்தை ‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என்று எல்லோரும் சொல்லித் திரிகிறார்கள். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளிடம் செய்த சோதனைகள் வேறு கதை சொல்கின்றன. எதிர்பாராமல் பழரசம் கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. ஓர் அடையாளம் காட்டி, பிறகு பழரசம் என்று பழக்கினார். கொஞ்ச நாளில் அடையாளத்தைக் கண்டதும் துடித்தன, பழரசம் வந்தபோது சும்மா இருந்தன. அடையாளம் காட்டிவிட்டுப் பழரசம் கொடுக்காவிட்டால், அது வர வேண்டிய நேரத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. அதாவது, ‘இதோ வரப்போகிறது’ என்று எதிர்பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் வேலை அதற்கு. போனில் செய்தி அனுப்பும் செயலியான வைபர் ‘டிங்’ என்றதும் கை பரபரப்பது இதனால்தான். செய்தி என்னவோ ‘குட் மார்னிங்’ ரோஜாப் படமாகத்தான் இருக்கும்.

பழக்கம் முற்றிப்போனால் பலன்கூடத் தேவைப்படாது. வெண்டி வுட்டும் அவரோடு இருந்தவர்களும் 2011ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், சினிமா தியேட்டரில் சிலருக்குப் புதுப் பாப்கார்னும் சிலருக்கு ஏழு நாள் பழைய பாப்கார்னும் கொடுத்தார்கள். தியேட்டரில் எப்போதும் பாப்கார்ன் தின்று பழகியவர்கள், நன்றாக இல்லை என்று அவர்களே சொல்லியும், பழையதைப் புதியதுக்குச் சமமாகத் தின்றார்கள். அதே மாதிரி ஆட்களைக் கூட்ட அறையில் உட்காரவைத்துக் கொடுத்தபோது பழையதைக் குறைத்துக்கொண்டார்கள். தியேட்டரிலேயே பழக்கமில்லாத கையால் தின்னச் சொன்னபோதும் குறைந்தது. இருட்டும் இருக்கையும் வலது கையும் சேர்ந்துதான் தின்றிருக்கின்றன, நாக்கு சும்மா கூட இருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று கீழ்வீட்டு அக்காவின் நனைந்த துணி நினைவுக்கு வந்தது.

என் மேஜையில் நடந்தது

பர்மா உளுந்து இல்லாமல் சென்னையில் இட்லி மாவு அரைப்பது கஷ்டம். அந்த உளுந்தும் துவரையும் பயின்னவுங் மொத்தச் சந்தையிலிருந்து மூட்டையாகக் கிளம்பிக் கப்பலேறும்போது கூடவே ஒரு கட்டுப் பேப்பரும் போக வேண்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். என்ற கப்பல் சரக்கு ரசீது, பூச்சி சாகப் புகை போட்டதற்கான சான்று, ‘பைட்டோ’ என்று நாங்கள் சொல்லும் பயிர்நலச் சான்று. எல்லாவற்றிலும் கண்டெய்னர் நம்பர் ஒன்றுபோல இருக்க வேண்டும். நாலு எழுத்து, ஏழு எண். கடைசி எண் மற்ற பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது, தவறைக் கண்டுபிடிப்பதற்கென்றே இருப்பது. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது கணினிதான். நான் டைப் அடித்த விண்ணப்பத் தாள் போடாது.

பைட்டோ விண்ணப்பத்தில் 47ஐ 74 என்று அடித்துவிட்டேன். சரக்கு அந்தப் பக்கத் துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. திருத்தச் சான்று வாங்கி அனுப்புகிறவரை கண்டெய்னர் கிடந்தது, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறியது. அதே வருடத்தில் எனக்கு அது மூன்றாவது தவறு. முதலாளி கோபக்காரர் இல்லை. “கவனமா இருக்கணும்பா” என்றார், அவ்வளவுதான்.

‘கவனமாக இரு’ என்பது யாராலும் செய்ய முடியாத உத்தரவு. எப்போது, எங்கே, எதை என்று அதில் ஒன்றும் இல்லை. நான் நிஜமாகவே கவனமாக இருக்க முயன்றேன், நாலு நாள். ஐந்தாம் நாள் பழைய மாதிரி.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். கோயில் காலண்டரின் கிழித்த தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, கை போனுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். மணி என்ன, எதைச் செய்துகொண்டிருந்தேன், அதற்கு ஒரு நொடி முன்னால் என்ன நடந்தது. திருத்த முயலவில்லை, எழுதினேன், அவ்வளவே. ஒரு வாரம்.

போன் அடித்ததால் போனை எடுக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். தாள் வேறு மாதிரி சொன்னது. பெரும்பாலான தடவை போன் சும்மாதான் கிடந்தது. இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணுக்கு எண் ஒப்பிடும்போது, நடுவில் ஒரு சலிப்பு வருமே, அந்த இடத்தில்தான் கை போயிருக்கிறது. தூண்டல் போன் அல்ல, சலிப்பு. பலன் செய்தி அல்ல, ஒப்பிடுவதிலிருந்து அரை நிமிட விடுதலை. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வதாக நினைத்து ஒரு எண் தள்ளித் தொடர்ந்திருக்கிறேன். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார், தமிழில் ‘கவன மிச்சம்’ எனலாம். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது, மனதில் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடுகிறது. நான் 47ஐப் பார்த்த கண்ணில் ரோஜாப் படம் மிச்சம் இருந்திருக்கும்.

அதே தாள்கள் இன்னொன்றும் காட்டின. நமக்கும் இந்தியாவுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம், நாம் முந்தி. இங்கே பதினொன்று ஆகும்போதுதான் சென்னை வியாபாரிக்கு மணி பத்து. அதாவது காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை என்னை யாரும் தேடுவதில்லை. நாளின் அந்த அமைதியான இரண்டு மணி நேரத்தில்தான் நான் வைபரைத் திறந்து வைத்துக்கொண்டு முந்தைய இரவின் செய்திகளைப் படித்திருக்கிறேன். ஒப்பிடும் வேலையைப் பதினொன்றுக்கு மேல், போன் மேல் போன் வருகிற நேரத்தில் செய்திருக்கிறேன். யாரும் இப்படித் திட்டமிட்டதில்லை, தானாக அமைந்தது.

சுருக்கினால்: மாற்றும் முன் ஒரு வாரம் வேடிக்கை பாருங்கள். நீங்கள் நினைக்கும் தூண்டலும் நிஜத் தூண்டலும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. பலனும் அப்படியே.

கையைத் திருப்புவது

‘போனைத் தொடமாட்டேன்’ என்று சபதம் போடுவதில் ஒரு சிக்கல். தூண்டல் வந்ததும் பொட்டலம் பிரிந்துவிடுகிறது. யோசிக்கிற பகுதி ஓடிவந்து தடுப்பதற்குள் கை பாதி வழியில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் காவல் நிற்க வேண்டும், காவல்காரன் எப்போதும் விழித்திருக்கமாட்டான்.

அதனால் வழியில் ஒரு மேட்டைப் போட்டேன். கம்பெனி சீல் இருக்கும் அலமாரி, சாமி படத்துக்குக் கீழே, என் மேஜையிலிருந்து எட்டு அடி. பதினொரு மணி வரை போன் அங்கே. அவசரமென்றால் ஆபீஸ் லேண்ட்லைன் இருக்கிறது. கை பழைய இடத்துக்குப் போகத்தான் போனது, முதல் வாரம் மேஜையில் வெறும் மரத்தைத் தடவிவிட்டுத் திரும்பியது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்தத் தடவலில் யோசனை வந்து சேர நேரம் கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது, சலிப்புக்கு வேறு ஒன்றைக் கொடுத்தேன். சலிப்பு போகாது, ஒப்பிடும் வேலை அப்படிப்பட்டது. அது கேட்கிற அரை நிமிட விடுதலையும் நியாயம்தான். இங்கே எந்த ஆபீஸிலும் ஒரு பிளாஸ்க் பச்சைத் தேநீரும் காதில்லாத சின்னக் கோப்பைகளும் இருக்கும். ஒரு தாள் முழுக்க முடிந்தால் ஒரு கோப்பை. நடுவில் இல்லை, முடிந்தால்தான். தூண்டலும் பலனும் பழையவையே, இடையில் உள்ள செயலை மட்டும் மாற்றினேன். கிட்டத்தட்ட எல்லாப் பழக்க மாற்றத்திலும் எனக்குப் பிடித்த வழி இதுதான்.

மூன்றாவதுதான் தவறைக் குறைத்தது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1990களில் விளக்கிய ஒரு முறை. ‘இன்னது நடந்தால், இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே ஒரு வாக்கியம் அமைத்துக்கொள்வது. இதை ‘நடந்தால்-செய்வேன்’ திட்டம் என்போம். ‘தினமும் சரிபார்ப்பேன்’ என்பது ஆசை. ‘பேக்கிங் லிஸ்டின் கடைசி வரியை முடித்ததும், கோப்பையைத் தொடுமுன், கண்டெய்னர் நம்பரை விரல் வைத்து வாய்விட்டு வாசிப்பேன்’ என்பது திட்டம். பிறகு அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்து 2006ல் பார்த்தபோது, இப்படி வாக்கியம் அமைத்தவர்கள் வெறும் எண்ணத்தோடு நின்றவர்களைவிடத் தெளிவாகவே அதிகம் செய்து முடித்திருந்தார்கள். தூண்டலை நாமே முன்கூட்டிப் பூட்டிவைக்கிறோம், அந்த நேரத்தில் முடிவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

விரல் வைத்து வாசிப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. ரங்கூன் சுற்று ரயிலில் ஓடிய பழைய ஜப்பானியப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை பிறந்த ஊரில் ரயில் ஓட்டுநர் ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போவார். ஜப்பானின் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வுக்கூடம் 1994ல் சோதித்தபோது, ஒன்றும் செய்யாமல் 100க்கு 2.38 ஆக இருந்த தவறு, சுட்டிச் சொன்னபோது 0.38 ஆகியது.

முதல் நாள் நான் சத்தமாக எண்களை வாசித்தபோது பக்கத்து மேஜைத் தம்பி, “அண்ணே, அர்ச்சனையா?” என்றான். இரண்டு வாரம் கேலி செய்தான். போன மாதம் அவன் மேஜைப் பக்கத்திலிருந்து முணுமுணு என்று நாலு எழுத்தும் ஏழு எண்ணும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எத்தனை நாள் ஆகும்?

21 நாள் கதைக்கு ஒரு ஊர் உண்டு. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், மாறிய முகத்துக்கு மனம் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆவதாகத் தன் நோயாளிகளிடம் கண்டதை 1960ல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. முகமும் போய்ப் பழக்கம் வந்துவிட்டது.

நிஜமாக எண்ணிப் பார்த்தவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி. 96 பேர், ஆளுக்கு ஒரு புதுச் செயல், 12 வாரம். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஓட்டம் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. எவ்வளவு தானாக நடக்கிறது என்று தினமும் மதிப்பெண் போட்டார்கள். நடு எண்ணிக்கை 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது, இந்தப் பெரிய எண் அவர்கள் வளைகோட்டை நீட்டிக் கணக்கிட்டது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகியது, உடற்பயிற்சி இழுத்தது. எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்த விஷயம்: நடுவில் ஒருநாள் விட்டுப்போனது முடிவைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒருநாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று மறுநாளிலிருந்து கைவிடுகிறோமே, அதுதான் பெரிய நஷ்டம்.

நான் மழை தொடங்கியபோது ஆரம்பித்தேன். யோசிக்காமல் விரல் தானே தாளுக்குப் போனது தடின்ஜுட் விளக்குத் திருநாள் சமயம். தீபாவளி முறுக்குக்கு வீட்டில் எண்ணெய் வாங்கி வைத்திருந்தார்கள். நாலு மாதத்துக்கு மேல்.

எல்லாம் குலையும்போது

பழக்கம் இடத்தோடு ஒட்டியது என்றால், இடம் குலைந்தால் பழக்கமும் தளர வேண்டும். அப்படித்தான் நடக்கிறது. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் இரண்டு நாள் வேலைநிறுத்தம், பல நிலையங்கள் மூடல். மக்கள் வேறு வழி தேடினார்கள். ரயில் திரும்ப ஓடிய பிறகும் இருபதில் ஒருவர் புது வழியிலேயே தொடர்ந்தார். வருடக்கணக்காகச் சுற்றுவழியில் போயிருக்கிறார்கள், குலையும்வரை தெரியவில்லை.

இந்த ஊரில் எல்லாம் குலைந்துதான் கிடக்கிறது. கரண்ட் மணிக்கணக்கில் இல்லை, ஜெனரேட்டர் டீசல் தங்க விலை. இதை யாராவது வரம் என்று எழுதினால் எனக்கே கோபம் வரும். ஆனாலும் கணினி இல்லாத காலை நேரத்துக்குத் தாள் ஒப்பிடும் வேலை தானே நகர்ந்து வந்தது, அதை அங்கேயே நிறுத்திக்கொண்டேன். புது வேலையில் சேரும் முதல் வாரம், வீடு மாறிய மாதம், திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவும் சித்திரைப் பிறப்பும் முடிந்து நீண்ட விடுமுறைக்குப் பின் ஆபீஸ் திறக்கும் நாள், இவை எல்லாம் பழைய தூண்டல்கள் வலுவிழந்து இருக்கும் சமயங்கள். புதியதை ஒட்டவைக்க அதுதான் தோது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கிற ஆபீஸில் தவறு நடந்தால் அதற்குப் பெயர் பழக்கம் இல்லை, ஆள் பற்றாக்குறை. ‘பழக்கத்தை மாற்றிக்கொள்’ என்று அங்கே சொல்லும் முதலாளியிடம் இந்தக் கட்டுரையைக் காட்ட வேண்டாம்.

மோட்டாருக்கும் ஒரு வழி செய்தேன். தொட்டி நிரம்பியதும் துணிக்கு மாட்டும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்றை எடுத்து சுவிட்ச் குமிழில் கவ்வ வைத்துவிடுகிறேன். தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கினால் வீட்டில் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். முந்தாநாள் இரவு “மீ லாப்பி” கேட்டது. கால் போனது, கை போனது, விரலில் கிளிப் இடறியது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். சார்ஜரை மட்டும் மாட்டிவிட்டு வந்து படுத்தேன். அரை மணி கழித்து எதிர்வீட்டுத் தகரத்தில் தொட்டி வழிந்து விழும் சத்தம் கேட்டது.